பின்னறையில் பதினோரு நிமிடம்

1997 மே 22, வியாழன்

காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. பெயின்டர் வந்துவிட்டான், அதுவரை புண்ணியம்.

பின்னறைக்கு ரோஸ் கலர். நான் கேட்டது வெளிர் ரோஸ். அவன் அடித்து வைத்திருப்பது இருமல் மருந்து கலர். மாற்றச் சொன்னால் இன்னும் இரண்டு நாள். போகட்டும்.

இருபது வருடமாக ஊசி போடவும் கட்டுப் போடவும் இருந்த அறை. பழைய பெஞ்சை வெளியே போட்டாயிற்று. சுவரில் டிங்சர் கறை மட்டும் இரண்டு கோட்டிங் அடித்த பிறகும் லேசாகத் தெரிகிறது. அந்த இடத்தில் கண்ணாடியை மாட்டிவிடலாம்.

வந்தவை: சாய்வு நாற்காலி, பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. டர்க்கி டவல். வர வேண்டியவை: நீராவி மெஷின், ஸ்டெபிலைசர், இடுப்பைக் குலுக்குகிற பெல்ட். பெல்ட் இவருடைய, என் வீட்டுக்காரருடைய, பிடிவாதம். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தாராம். குலுக்க வேண்டிய இடுப்பு தாம்பரத்தில் நிறைய இருக்கிறது என்கிறார். தன்னுடையதைச் சேர்த்தாரா தெரியவில்லை.

கம்பவுண்டர் முனுசாமி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தலைமுடி கறுப்பு.

"இன்னாமா இது, டிஸ்பென்சரியா சலூனா? ஒண்ணும் புரிலயே."

"ஸ்கின் கிளினிக், முனுசாமி. முகத்துக்கு."

"அதுக்கு நம்மகிட்டயே களிம்பு கீதேம்மா."

கேட்பவர்களிடம் நான் சொல்லும் காரணம்: ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்பெஷலிஸ்டுகளாகச் சேர்ந்து நடத்தும் புதுக் கட்டடம் வந்துவிட்டது, வெறும் எம்.பி.பி.எஸ்.ஸிடம் இனி யார் வருவார்கள்? அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை, எனக்கு அலுத்துவிட்டது. வாந்தி, பேதி, சளி, வீசிங். வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வருகிறார்கள். சிரித்துக்கொண்டு உள்ளே வந்து சிரித்துக்கொண்டு வெளியே போகிற மாதிரி ஓர் அறை வேண்டும் எனக்கு. நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஆசைப்படுவது தப்பா?

ஜூன் 6, வெள்ளி

திறந்தாயிற்று. காலையில் மேகமூட்டம், மழை இல்லை.

போர்டு நன்றாக வந்திருக்கிறது. முன்பக்கம் என் பெயர், பட்டம், நேரம். அதற்குக் கீழே 'முகப்பொலிவு, உடல் இளைப்பு, தோல் பராமரிப்பு: டாக்டரின் நேரடிக் கவனிப்பில்'. கடைசி வரி என் யோசனை. பியூட்டி பார்லர் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. டாக்டர் இருக்கும் பார்லர் இது ஒன்றுதான்.

பயிற்சி: இரண்டு நாள், சிட்டியில் ஓர் ஓட்டல் ஹால். சர்டிபிகேட்டை லாமினேட் செய்தே கொடுத்தார்கள். என் காலேஜ் சர்டிபிகேட்கூட இவ்வளவு பளபளப்பாக இல்லை.

வேலைக்கு ஸ்டெல்லா. பெருங்களத்தூரிலிருந்து வருகிறாள். இருபத்தாறு வயது, ஆறு வருட அனுபவம், நல்ல கை. யாரும் சொல்லாமலே நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிடித்துப்போயிற்று.

முதல் நாள் கணக்கு: ஃபேஷியலுக்கு ஒருவரும் இல்லை. புது நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது வயிற்றுவலி ஆறுமுகம். வெளியே பெஞ்சில் இடம் இல்லையாம். இரண்டாவது, மூன்று வயதுக் குழந்தை, அதன் மேலேயே வாந்தி. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே துடைத்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 18, புதன்

இன்று ஸ்டெல்லாவை அழ வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு பீல். முகத்தில் ஆசிட் தடவி, மூன்று நிமிடம் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தால் மேல்தோல் மெல்ல உரிந்து புதுத்தோல் வரும். சீக்கிரம் துடைத்தால் பலன் இல்லை. அதிக நேரம் விட்டால் வெந்துவிடும். நேரம்தான் எல்லாம். நான் முன்னறையில் ஒருவருக்கு பி.பி. பார்த்துவிட்டு வருவதற்குள் டீச்சர் உஸ் என்றிருக்கிறார். இவள் பயந்துபோய் ஒரே நிமிடத்தில் துடைத்துவிட்டாள்.

டீச்சர் எதிரிலேயே கத்தினேன். "நீ டாக்டரா நான் டாக்டரா? டைம் பாக்கறது என் வேலை. நான் சொல்லாம கை வைக்கக் கூடாது. புரியுதா?"

"சரி டாக்டர்."

அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே கேட்டது. என் குரல் இருக்கிறதே, இருபது வருடம் தாய்மார்களை அதட்டிப் பழகிய குரல். சமாதானம் சொல்லப் போகவில்லை. பதிலாக அட்டையில் விதிகள் எழுதிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினேன்:

1. கை கழுவாமல் யார் முகத்தையும் தொடக் கூடாது.
2. ஒருவர் டவல் இன்னொருவருக்கு இல்லை.
3. ஆசிட் விஷயத்தில் டாக்டர் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

மூன்றாவதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று மாலை மழை. தெருவெல்லாம் சகதி. ஓ.பி. சுமார்.

பெருங்களத்தூர் சரோஜா, மகள் கலைவாணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கலைவாணியை மூன்று வயதிலிருந்து தெரியும். வீசிங். மழைக்காலம் வந்தால் வாரம் இரண்டு தடவை அப்பா தோளில் வந்து இறங்குவாள். இப்போது இருபத்துமூன்று, பி.காம்., கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அப்பா ஏகாம்பரம், ஏரிப்பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்தவர், நிலமெல்லாம் பிளாட் ஆனபின் சிமெண்ட் கடை.

"ஞாயித்திக்கெழம, பதிமூணாந் தேதி, பொண்ணு பாக்க வராங்க டாக்டரம்மா. ஆடி பொறந்துட்டா அப்பால ஒரு மாசம் வாயத் தொறக்க முடியாது. மாப்ள சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல கம்பெனில சூப்பர்வைசரு. குடும்பமே செவப்பு."

"பொண்ணு லட்சணமாத்தானே இருக்கா?"

"லட்சணத்துக்கு இன்னா கொற? கலருதான். போர்டு பாத்தேன். நீங்களே பண்றீங்கன்னா பயமில்ல. பார்லருக்கெல்லாம் நான் அனுப்ப மாட்டேன்."

கலைவாணி சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். உனக்கு இஷ்டமா என்று கேட்டேன். "அம்மா சொல்றாங்க டாக்டர்" என்றாள். அப்புறம், மெதுவாக, "எனக்கும்தான்."

நாள் போதாது என்று சொல்லியிருக்கலாம். கறுப்புத் தோலில் ஜாக்கிரதை என்று அந்த ஓட்டல் ஹாலிலேயே சொன்னார்கள். ஆனால் என் பழைய பேஷண்டுகளில் பின்னறையைத் தேடி வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். அதுவும், நீங்கள் என்றால் பயமில்லை என்று சொல்லிக்கொண்டு. காது மடலுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

மதியம் மூன்று. சாப்பிடவில்லை. இப்போதே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குள் எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பத்தேகாலுக்கு கலைவாணி நாற்காலியில். ஆபீசுக்கு அரைநாள் லீவு. முதல் தடவை முப்பது சதவீத ஆசிட்தான் என்பது பாடம். பத்தே நாள்தானே இருக்கிறது என்று ஐம்பதை எடுத்தேன். கண்ணில் ஈரப் பஞ்சு வைத்து, தடவி முடித்து, மணி பார்த்தேன். 10:22.

முன்னறையில் அலறல். முடிச்சூரிலிருந்து ஒரு தாய், ஒன்றரை வயதுப் பையன், ஜுரத்தில் ஃபிட்ஸ். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நிற்கவில்லையாம். உதடு நீலம். ஓடினேன்.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தினேன். காலில் கிடைத்தது. மருந்து ஏறி, உடம்பு தளர்ந்து, மூச்சு சீராகி, முனுசாமி ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பிடித்துக்கொள்ள, அந்தத் தாய் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ, அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10:33.

பதினோரு நிமிடம்.

ஸ்டெல்லா நாற்காலி பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையில் சோடாக் கிண்ணம், இன்னொரு கையில் நனைத்த பஞ்சு. தயாராக. பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"நீங்க சொல்லல டாக்டர்" என்றாள். "ரெண்டு தடவ கதவு வரைக்கும் வந்தேன். நீங்க குழந்தையோட இருந்தீங்க."

கலைவாணி நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்திருந்தாள். உதடு மூடியிருந்தது. கண்ணீர் பஞ்சுக்கு அடியிலிருந்து வழிந்து இரண்டு காதுக்குள்ளும் போயிருந்தது. கத்தவில்லை. முனகக்கூட இல்லை.

கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். இரண்டு கன்னமும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தன. பஞ்சு பட்ட ஓர் இடத்தில் தோல் அப்படியே நகர்ந்தது.

லேசாக ரியாக்‌ஷன் ஆகியிருக்கிறது, களிம்பு தருகிறேன், வெயிலில் போகாதே என்று சொல்லி அனுப்பினேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தாள். "தேங்க்ஸ் டாக்டர்" என்றாள்.

பையன் பிழைத்துவிட்டான். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. ஓ.பி.யில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கை ராசியான கையாம்.

ஜூலை 4, வெள்ளி

வந்தார்கள். இரண்டு கன்னத்திலும் கொப்புளம் உடைந்து நீர் கசிகிறது. கண் வீங்கியிருக்கிறது.

சரோஜா பயப்படவே இல்லை. "உரியறது நல்லதுதானே டாக்டரம்மா? உள்ளார இருந்து வெள்ளையா வருமில்ல?"

"பாக்கலாம்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். கோழை.

ஜூலை 9, புதன்

மின்சார ரயில். சிட்டியில் ஒரு பெரிய தோல் டாக்டர், எனக்கு இரண்டு வருடம் சீனியர். கலைவாணியை அழைத்துப் போனேன். பொருக்கு உதிர்ந்து ரோஜா நிறத்தில் புதுத்தோல். ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார். முழுவதும் கறுக்கும். ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இடது கன்னத்தில் தழும்பு நிற்கும்.

"எந்த மடையன் இதைப் பண்ணினது?"

"ஏதோ பார்லர்" என்றேன்.

"கேஸ் போடச் சொல்லு."

திரும்பும்போது கூட்டம். பல்லாவரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். எதிர் சீட்டுக் குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா அதன் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். "வாயைத் திறக்காதே. கன்ஸ்யூமர் கோர்ட்ல இழுத்துடுவாங்க" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே.

ஜூலை 14, திங்கள்

நேற்று பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று காலையிலேயே சரோஜாவும் ஏகாம்பரமும் வந்தார்கள்.

மூன்று கோட்டிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். காபி கொடுக்கக் குனிந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "இங்க வாம்மா" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கன்னத்தைத் தடவியிருக்கிறாள். விரலில் பவுடர். விரலைப் பார்த்தாளாம், கன்னத்தைப் பார்த்தாளாம்.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். ஆனால் அந்த அம்மாளுக்குச் சந்தேகம், பரம்பரைத் தோல் வியாதியோ என்று. டாக்டர் கைப்பட ஒரு கடிதம் வேண்டும், இது என்ன, எதனால் வந்தது, பிறக்கிற குழந்தைக்கு வருமா. கடிதம் சரியாக இருந்தால் ஆவணியில் பேசலாம்.

"நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்" என்றாள் சரோஜா. "நீங்க எழுதினா யாரும் மறுக்க மாட்டாங்க."

புதன்கிழமை தருகிறேன் என்றேன். இனி அந்தப் பெண்ணின் கல்யாணம் என் பேனாவில்.

ஜூலை 16, புதன்

உண்மையை எழுதிவிட்டேன். 'வியாதி இல்லை. நிறத்துக்காக என் கிளினிக்கில் செய்த சிகிச்சையில், என் கவனக்குறைவால் ஏற்பட்ட ஆசிட் காயம்.' மூன்று வரி. மூன்று தாள் கிழித்தேன்.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, படித்துக் காட்டினேன். பதினோரு நிமிடத்தையும் சொன்னேன். அட்டையில் எழுதிய மூன்றாவது விதியையும் சொன்னேன். கத்துவார்கள், அடிப்பார்கள், போலீசுக்குப் போவார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். ஏன், ஆசையாகக்கூட இருந்தது.

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், "ஒரு உசுரக் காப்பாத்தப் போனீங்க. வேணும்னா செஞ்சீங்க?" என்றாள்.

ஏகாம்பரம் கடிதத்தைத் தள்ளி வைத்தார். "இது வேணாம் டாக்டரம்மா."

"ஏன்? இதானே உண்மை?"

"கலருக்கு வைத்தியம் பண்ணோம்னு எழுதியிருக்கீங்க. பொண்ணு கறுப்புன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப்ல ஆயிடும். அவங்க பாக்கறதுக்கு முன்னாடியே நாம மறைச்சோம்னு ஆவும். வெந்நி கொட்டிச்சின்னு எழுதிக் குடுங்க. எல்லார் வூட்லயும் நடக்கறதுதான்."

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர்கள் பெண், அவர்கள் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன். என் போர்டும் தப்பிக்கும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'தவறுதலாக வெந்நீர் கொட்டியதால் வந்த காயம். பரம்பரை வியாதி எதுவும் இல்லை.' கையெழுத்து, சீல். முதல் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டேன்.

வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று. மழை இல்லை. கண்ணெல்லாம் மண்.

ஸ்டெல்லா போய்விட்டாள். பல்லாவரத்தில் ஒரு பார்லரில் இடம் கிடைத்ததாம். "உன்மேல தப்பில்ல" என்று சொன்னேன். ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லத் தோன்றியது.

"அன்னிக்கு மூணு நிமிஷத்துலயே எனக்குத் தெரிஞ்சுது டாக்டர். துடைன்னு என் கை சொல்லிச்சு. நான்தான் கேக்கல" என்றாள்.

பின்னறையைப் பூட்டியாயிற்று. பெல்ட் மெஷினை ஒருவர்கூடக் கட்டிப் பார்க்கவில்லை. இவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முடிச்சூர் பையனை அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். ஃபிட்ஸ் திரும்ப வரவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனையாம், நட்சத்திரம் தெரியாததால் சாமி பெயருக்கே செய்துவிட்டாளாம். துளசி, ஒரு பொட்டலம் புளியோதரை. பையன் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். கொழுகொழுவென்று இருக்கிறான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. புளியோதரையை முனுசாமியிடம் கொடுத்துவிட்டேன்.

முனுசாமி சாப்பிட்டுக்கொண்டே: "நீங்க இன்னாமா பண்ணுவீங்க. ஒரு ஆளு, ரெண்டு ரூமு. அந்தப் பக்கம் இருந்துக்கினு இந்தப் பக்கம் எப்டிப் பாக்கறது? நான் அப்பவே சொன்னேன், களிம்பு போதும்னு."

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி பிறந்து ஐந்து நாள். கடிதம் பலிக்கவில்லை.

சரோஜா மட்டும் வந்தாள். பெஞ்சில் உட்காராமல் சுவரோரமாக நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டாளாம்: "வெந்நி மூஞ்சில கொட்டினா கழுத்துல வழியாதா? கழுத்துல ஒரு பொட்டு இல்லியே. ரெண்டு கன்னத்துலயும் அளவெடுத்தாப்ல எப்டிக் கொட்டிச்சு?"

மூன்றாம் வருஷ மெடிக்கல் ஸ்டூடண்ட் கேட்க வேண்டிய கேள்வி. எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் பக்கத்துத் தெருவில் விசாரித்திருக்கிறார்கள். தெரு என்ன, வாயை மூடிக்கொண்டா இருக்கும்? கிண்டி ஸ்டேஷனில் எவனோ ஆசிட் ஊற்றிவிட்டான். இவளுக்கும் அவனுக்கும் நாளாகப் பழக்கம். கல்யாணப் பேச்சு தெரிந்து ஊற்றியிருக்கிறான். வீட்டில் மறைக்கிறார்கள், டாக்டரும் கூட்டு.

ஆசிட் என்று ஊர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது, ஊற்றிய ஆளைத்தான் மாற்றிவிட்டது.

இப்போது ஏகாம்பரம் மகளோடு பேசுவதில்லையாம். அவருக்கு எல்லாம் தெரியும், என் வாயால் கேட்டவர். இருந்தும், "நெருப்பில்லாமலா புகையும்ன்றாரு" என்று சரோஜா அழுதாள். கலைவாணி வேலையை விட்டுவிட்டாள். ரயிலில் பார்க்கிறார்களாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இவரிடம் சொல்லாமல் பஸ் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். சுத்தமான சின்ன வீடு. மோர் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்புக் குழந்தை, பதினோரு நிமிடம், வெந்நீர் என்று நான் எழுதிய பொய். என்மேல் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள், அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். என் குரல் இறங்கிப்போய்க் கெஞ்சியது. என் குரலை அப்படி நானே கேட்டதில்லை.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். கெட்டவள் மாதிரித் தெரியவில்லை.

"மொதல்ல வெந்நின்னு எழுதினீங்க. இப்ப நான்தான்றீங்க. உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல பாசம், அது புரியுது. ஊத்தின அந்தப் பையன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டரம்மா. தெரிஞ்சிக்கிட்டா எங்களுக்கும் மனசு ஆறிடும்."

மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் நின்றது. இறங்கி ஏகாம்பரம் வீட்டுக்குப் போயிருக்கலாம். இறங்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் தூறல். ஓ.பி. கூட்டம், ஊரெல்லாம் ஜுரம்.

பதினொன்றரை இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் கலைவாணி. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், முனுசாமி முதலில் விட்டும் வரமாட்டேன் என்றாளாம். துப்பட்டாவை எடுத்தாள். இரண்டு கன்னமும் அட்டக்கரி. இடது பக்கம் தோல் சுருங்கி உதட்டின் ஓரத்தை லேசாக மேலே இழுக்கிறது, எப்போதும் பாதி சிரிப்பது போல் இருக்கிறது.

"என்ன பண்ணுது?" என்று கேட்டேன். இருபது வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஒண்ணும் பண்ணல டாக்டர்."

டிராயரிலிருந்து ஜூலையில் எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா வேண்டாம் என்று தள்ளிய கடிதம். உனக்காக வைத்திருந்தேன் என்றேன். மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள்.

"இத யார்கிட்ட காட்டறது?"

என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அதைக் காதில் வாங்கினாளா தெரியவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் பி.பி. மெஷினைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன் டாக்டர். அன்னிக்கு நான் கத்தியிருந்தா, வந்திருப்பீங்களா?"

யோசித்தேன். பையனின் கால் என் கையில் இருந்தது. நான் எழுந்து வந்திருக்க முடியாது. ஆனால் வர வேண்டிய அவசியமே இல்லை. இருந்த இடத்திலிருந்தே, ஸ்டெல்லா கழுவு என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பொய் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

"ஒரு குரல் குடுத்திருப்பேன். ஸ்டெல்லா கழுவியிருப்பா."

தலையை ஆட்டினாள்.

"கொஞ்சம் எரியும்னு சொன்னீங்க டாக்டர். எவ்ளோ எரிஞ்சா கொஞ்சம்னு எனக்குத் தெரியல."

சொன்னேன்தான். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன். ஊசி போடும்போதும், புண் கழுவும்போதும். இவளிடமே மூன்று வயதில் சொல்லியிருப்பேன்.

துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். முனுசாமி அடுத்த டோக்கனை அனுப்பினார். ஆறு வயசுப் பெண், காலில் கண்ணாடி குத்திய காயம். டிங்சரில் பஞ்சை நனைத்துவிட்டேன். அது காலை நீட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தது.